தள்ளி நின்று எண்ணியவர்

மாடி அறைக் கதவு இன்னும் திறக்கவில்லை.

போன வாரம் மருமகள் அதற்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். அவள் வேலை பார்க்கும் சூப்பர் மார்க்கெட்டில் பக்கத்து கவுண்டரில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்குத் தொற்று வந்துவிட்டது. "எல்லாரும் வீட்டுக்குப் போய்த் தனியா இருங்க, சாம்பிள் எடுக்க ஆள் வரும்" என்று மேனேஜர் அனுப்பிவிட்டார். ஆள் வந்தார், மூக்கில் குச்சியை விட்டு எடுத்துக்கொண்டு போனார். முடிவுதான் வந்தபாடில்லை.

அவள் புருஷன் கப்பலில் வேலை பார்க்கிறான். கப்பல் கரைக்கு வந்துவிட்டது, ஆனால் யாரையும் இறக்கவில்லை. ஆக, கீழே மாமனாரும் மாமியாரும், மேலே மருமகள், தண்ணீரிலேயே மகன். இதுதான் குடும்பம் இப்போது இருக்கும் இருப்பு.

மாமனாரை அந்தத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மாஸ்டர். நகராட்சி நீச்சல் குளத்தின் மாஸ்டர். நீச்சல் மட்டுமா சொல்லிக் கொடுத்தார்? மூச்சு நின்று விழுந்தவரை எப்படிப் பிழைக்கவைப்பது என்று பாடம் நடத்துவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆபீஸ்காரர்கள், டீச்சர்கள், சூப்பர் மார்க்கெட் பெண்கள் என்று ஊரில் பாதிப் பேர் அவரிடம் ரப்பர் பொம்மையின் நெஞ்சை அமுக்கிப் பழகியவர்கள். "இன்னும் ஆழமா அமுக்கும்மா! கடையில மெத்தையா வாங்க வந்திருக்கே, தடவிப் பார்க்கிறே?" என்று அவர் போடுகிற அதட்டலுக்காகவே வகுப்பில் சிரிப்பு அள்ளும்.

நோய் வந்து குளத்தைப் பூட்டினார்களே, மனிதர் சும்மா இருந்தாரா? செல்போனைச் சுவரில் சாய்த்து வைத்து வீடியோ எடுத்தார்.

"பயப்படாதீங்க. வாயில ஊத வேண்டாம். விழுந்தவர் வாய் மேல ஒரு துணியைப் போடுங்க. ரெண்டு கையாலயும் நெஞ்சை அமுக்குங்க, அது போதும். கை ஓஞ்சா பக்கத்துல இருக்கறவர் மாத்திக்கணும். நோய்க்குப் பயந்து ஒரு மனுஷனைச் சாக விட்டுடாதீங்க."

கடைசி வரியைச் சொல்லும்போது விரலை வேறு ஆட்டினார். தெரு முழுக்க அந்த வீடியோ சுற்றியது.

ஊருக்குத்தான் உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்!

அன்று விடிந்ததிலிருந்தே தூறல். மாஸ்டர் பால் பாக்கெட் எடுக்க வாசலுக்கு வந்தார். கேட்டுக்கு மேலே மழைக்காகப் போட்ட தகரக் கூரை உண்டு. அதற்கு அடியில் நின்று பாக்கெட்டை உதறிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு வாட்ச்கடைக்காரர் குடையை விரித்துக்கொண்டு தெருவில் இறங்கினார்.

இரண்டு பேரும் சதுரங்கப் பைத்தியங்கள். முன்பெல்லாம் சாயங்காலமானால் ஒரே பலகைக்கு முன்னால் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வார்கள். நோய் வந்தபிறகு ஆளுக்கொரு பலகையைத் தங்கள் பால்கனியில் வைத்துக்கொண்டு, இங்கிருந்து அங்கே கத்திக் காய் நகர்த்தினார்கள். தெருவுக்கே தெரியும் யார் தோற்கிறார் என்று.

"என்னய்யா மாஸ்டர், நேத்து என் குதிரை எங்க நிக்குதுன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. என் ராணி வாயில மாட்டிக்கிட்டு முழிக்குது."

"மாட்டிக்கிச்சா? பொறி வச்சிருக்கேன்யா பொறி! சாயங்காலம் பாரு, நீ..."

அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. குடை ஒரு பக்கம் போனது, ஆள் ஒரு பக்கம் சாய்ந்தார். சாய்ந்தவர் தெரு நடுவில், மாஸ்டர் வீட்டுக் கேட்டுக்கு எதிரேயே மல்லாந்தார். கண் பாதி திறந்திருந்தது. நெஞ்சு ஏறி இறங்கவில்லை.

மாஸ்டருக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. எத்தனை வருஷமாகப் படம் போட்டுக் காட்டியது! கேட்டைத் திறந்தார். கூரையின் விளிம்பு வரை வந்தார். இன்னும் இரண்டு எட்டு வைத்தால் தொட்டுவிடலாம்.

நின்றுவிட்டார்.

நண்பர் முந்தின நாள் பால்கனியில் இருமியது ஞாபகம் வந்தது. வீட்டுக்குள்ளே மனைவிக்கு மூச்சிரைப்பு இருப்பது ஞாபகம் வந்தது. இதெல்லாம் அவர் பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொண்ட காரணங்கள். அந்த நிமிஷத்தில் இருந்தது பயம். வெறும் பயம். கால் முன்னே போக மறுத்தது.

"யாராவது வாங்க! யாராவது ஓடி வாங்களேன்!" என்று கத்தினார்.

யார் வருவார்கள்? வரவேண்டிய ஆளே அவர்தான். பைக்கில் வந்த ஒருவன் நிறுத்தினான், பார்த்தான், வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே போய்விட்டான். மாடிகளில் ஜன்னல்கள் திறந்தன. "ஐயையோ, வாட்ச்கடைக்காரர்!" என்று ஒரு குரல். "ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாச்சு!" என்று இன்னொரு குரல். குரலுக்கா பஞ்சம்?

அப்போதுதான் வீட்டின் பக்கவாட்டுப் படியில் தடதடவென்று சத்தம் கேட்டது.

மருமகள். முகக்கவசம் போட்டிருந்தாள். படிக்குக் கீழே கொக்கியில் தொங்கிய மாஸ்டரின் மஞ்சள் மழைக்கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, தலைமூடியை நெற்றி வரை இழுத்துவிட்டிருந்தாள். தன்னிடம் நோய் இருந்தால் அவர்மேல் படக்கூடாது என்றா, அவரிடமிருந்து தன்மேல் படக்கூடாது என்றா, தெரு தன்னை அடையாளம் கண்டுகொள்ளக் கூடாது என்றா? கேட்டிருந்தால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. மாமனாரைத் தாண்டிக்கொண்டு ஓடி, ஈரத் தெருவில் முழங்காலிட்டாள்.

"மாமா, கையை எங்க வைக்கணும்?"

"நெஞ்சுக்கு நடுவுல! எலும்பு மேல! மொதல்ல வாயில துணியைப் போடு!"

வாட்ச்கடைக்காரர் தோளில் கிடந்த துண்டையே எடுத்து அவர் வாய் மேல் போட்டாள். அமுக்கத் தொடங்கினாள்.

"வேகமா! ஒண்ணு! ரெண்டு! மூணு! நாலு!"

குளத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கேட்கும்படி கத்திக் கத்தி உரம் ஏறிய குரல் அது. தெருக்கோடி வரை கேட்டது. மாஸ்டர் எண்ணினார், அவள் அமுக்கினாள். எண்ணி முடித்து மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினார். மழைத்தண்ணீர் அவள் முதுகில் வழிந்தது. சூப்பர் மார்க்கெட் பெண்களோடு வகுப்புக்கு வந்து சிரித்துச் சிரித்தே பொழுதைக் கழித்தவள், உதட்டைக் கடித்துக்கொண்டு அமுக்கினாள். ஆம்புலன்ஸ் வரவில்லை.

"மாமா, கை ஓஞ்சு போச்சு. நீங்க மாத்துங்க."

அவர் காதில் விழுந்தது.

"மாமா! முடியல மாமா, மாத்துங்க!"

"விடாதே! அமுக்கு! பதினஞ்சு! பதினாறு!"

இன்னும் சத்தமாக எண்ணினார். அவள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு கேட்கவில்லை. அழுதுகொண்டே அமுக்கினாள்.

சங்கு ஊதிக்கொண்டு ஆம்புலன்ஸ் தெருமுனையில் திரும்பியதும் அவள் எழுந்தாள். எவர் முகத்தையும் பார்க்காமல் பக்கவாட்டுப் படிக்கு ஓடிவிட்டாள். தனியாக இருக்க வேண்டியவள் வெளியே வந்தது தெரிந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா?

மாஸ்டர் அப்போதுதான் கூரையை விட்டு வெளியே வந்தார். உடம்பு முழுக்க மூடிய உடையில் இறங்கியவர்கள் விழுந்தவர் நெஞ்சில் ஏதோ ஒட்டினார்கள், மெஷின் ஒரு முறை தூக்கிப் போட்டது. "துடிப்பு வந்துடுச்சு!" என்றார் ஒருவர். இன்னொருவர் நிமிர்ந்து, "யாரு சார் இதுவரைக்கும் அமுக்கினது?" என்று கேட்டார்.

மாஸ்டர் வாயைத் திறந்தார்.

"எங்க மாஸ்டர்தான்! வேற யாரு?" என்று மூன்றாவது மாடியிலிருந்து பதில் வந்தது.

அவர்களைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை. மேலே நின்றவர்களுக்குத் தெரிந்தது முதுகில் 'நீச்சல் குளம்' என்று கொட்டை எழுத்தில் எழுதிய மஞ்சள் கோட்டு. கேட்டது மாஸ்டரின் குரல். குரலுக்குரியவர் தகரக் கூரைக்கு அடியில் நின்றது மேலிருந்து எப்படித் தெரியும்? மஞ்சள் கோட்டு உள்ளே ஓடி மாஸ்டர் வெளியே வந்ததும், கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்தது போலத்தான் இருந்திருக்கும். கோட்டையும் குரலையும் கூட்டிப் பார்த்தால் மாஸ்டர்தானே வருவார்?

"நல்லா பண்ணியிருக்கீங்க சார். நீங்க இல்லைன்னா நாங்க வந்து புண்ணியமே இல்ல" என்றார் ஆம்புலன்ஸ்காரர்.

மாஸ்டர் திறந்த வாயை மூடிக்கொண்டார்.

வாட்ச்கடைக்காரர் மனைவி மூட்டுவலிக்காரி. படியிறங்கி வருவதற்குள் வண்டிக் கதவைச் சாத்திவிட்டார்கள். நோய்க் காலம், கூட யாரையும் ஏற்ற மாட்டோம் என்றார்கள். அவள் தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து மாஸ்டரைப் பார்த்து இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டாள்.

"அண்ணே! அந்தக் கையைக் கண்ணுல ஒத்திக்கணும் அண்ணே!"

மாஸ்டர் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

பத்து மணிக்குள் கதைக்குக் கண், காது, மூக்கு எல்லாம் முளைத்துவிட்டது. மாஸ்டர் சட்டையைக் கிழித்துக்கொண்டு பாய்ந்தாராம். வாயில் வாய் வைத்து ஊதினாராம். ஆம்புலன்ஸ் டாக்டரே அசந்துபோய் சல்யூட் அடித்தாராம். வந்தது டாக்டரே இல்லை என்பதை யார் கேட்டார்கள்! அவருடைய பழைய வீடியோ மறுபடி ஊரைச் சுற்றியது. 'சொன்னதைச் செய்தவர்' என்று அதற்கு மேலே எழுதியிருந்தார்கள்.

அவர் மனைவி குளியலறையில் இருந்ததால் எதையும் பார்க்கவில்லை. போனில் ஊரார் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். அண்டா நிறைய வெந்நீர் போட்டு, அவரைக் குளிக்க அனுப்பிவிட்டு, வெளியே நின்று திட்டினாள். திட்டில் பாதிக்குப் பாதி பெருமை.

"வாயில ஊதினீங்களாமே? புத்தி இருக்கா உங்களுக்கு?"

"ஊதல."

"அதானே பார்த்தேன். என் மூச்சிரைப்பைக் கொஞ்சம் நினைச்சுப் பார்த்தீங்களா? ஆனாலும்..." குரல் இறங்கியது. "ஆனாலும் நீங்க செஞ்சது பெரிய காரியம்ங்க."

மாஸ்டர் குவளையைக் கீழே வைத்தார். இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தார். அதற்குள் அவள் தங்கைக்குப் போன் போட்டு, "உங்க அத்தான் என்ன பண்ணியிருக்கார் தெரியுமாடி?" என்று ஆரம்பித்துவிட்டாள். இன்னும் கொஞ்சம் சோப்புப் போட்டுக்கொண்டார்.

மத்தியானம் மகன் கூப்பிட்டான். "அப்பா, கப்பல்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். கேப்டன் உங்களைக் கேட்டதாச் சொல்லச் சொன்னார். எனக்கு எவ்ளோ பெருமையா இருக்கு தெரியுமாப்பா?"

"சரிப்பா. சாப்பிட்டியா?" என்றார் மாஸ்டர். ஒவ்வொரு பாராட்டுக்கும் ஒரு சுற்றுச் சிறுத்துக்கொண்டே வந்தார். மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல், மனைவி எடுத்துவைத்திருந்த சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு, "நான் மேல குடுத்துட்டு வர்றேன்" என்று கிளம்பினார்.

தட்டைக் கதவருகே ஸ்டூலில் வைத்துவிட்டுத் தள்ளி வந்து படியில் உட்கார்ந்தார்.

"அம்மா, சாப்பாடு வச்சிருக்கேன்."

கதவு ஒரு சாண் திறந்தது. ஒரு கை வெளியே வந்தது. மணிக்கட்டு வீங்கியிருந்தது. தட்டை ஒரு கையால் தூக்க முடியாமல் மறு கையையும் கொடுத்து எடுத்துக்கொண்டாள்.

"கை ரொம்ப வலிக்குதா?"

"கொஞ்சம். தைலம் போட்டிருக்கேன் மாமா. அவர் எப்படி இருக்கார்?"

"உயிருக்கு பயமில்லையாம்."

"அப்பாடா!" என்று அவள் கதவுக்குப் பின்னால் மூச்சு விட்டது கேட்டது.

மாஸ்டர் தொண்டையைக் கனைத்தார். "தெருவுல எல்லாரும் நான்னு நினைச்சுக்கிட்டு..."

"கேட்டேன் மாமா. ஜன்னல் வழியா எல்லாம் காதுல விழுந்துச்சு. இருக்கட்டும். நான் இறங்கி வந்தேன்னு தெரிஞ்சா, தெருவே சேர்ந்து நம்ம கேட்டுக்குப் பூட்டுப் போட்டுடும். அத்தைக்கு மருந்து வாங்கக்கூட ஆள் வராது. உங்க பேரே இருக்கட்டும்."

எவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்துவிட்டாள்! கேட்கவேண்டிய கேள்வி இனி வராது என்று மாஸ்டர் நினைத்தார். எழுந்து ஒரு படி இறங்கினார்.

"மாமா."

"என்னம்மா?"

"நான் மாத்துங்கன்னு கேட்டப்போ நீங்க ஏன் வரல?"

குரலில் கோபமில்லை. தெரியாமல் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி நாலு கேட்டிருந்தால்கூட அவர் பதிலுக்கு எதையாவது சொல்லித் தப்பித்திருப்பார்.

"சாப்பாடு ஆறிடும்மா" என்று சொல்லிவிட்டுக் கீழே வந்துவிட்டார்.

சாயங்காலம் வாட்ச்கடைக்காரர் மனைவி போன் செய்தாள்.

"அண்ணே, ஆஸ்பத்திரியில இருந்து கூப்பிட்டாங்க. ஒரு விஷயம் கேட்கிறாங்க. அவரைத் தொட்டவங்க யாருக்காவது தொற்று இருக்கான்னு தெரியணுமாம். இவருக்கு டெஸ்ட் எடுத்துட்டாங்களாம், ஆனா இன்னிக்கு ஒட்டினது இன்னிக்கே தெரியாதாமே? ஒண்ணுமில்லைன்னா பொது வார்டுக்கு மாத்திடுவாங்களாம். அங்க எல்லாருமே நெஞ்சு நோயாளிங்கதானாம். உங்களுக்கு ஒண்ணுமில்லையே அண்ணே? இல்லைன்னு சொல்லிடவா?"

"இரும்மா" என்றார் மாஸ்டர். "கொஞ்ச நேரம் இரு. நானே பேசறேன்."

மருமகளின் முடிவு வரட்டும், எப்படியும் ஒன்றுமில்லை என்றுதான் வரும், அப்புறம் எதற்கு வீணாகக் கிளறுவது என்பது அவர் கணக்கு. போனை வைத்துக் கை எடுக்கவில்லை, மாடியிலிருந்து சத்தம் கேட்டது.

"அத்தை! மாமா! முடிவு வந்துடுச்சு." கதவைத் திறக்காமலே சொன்னாள். "எனக்கு இருக்கு."

மாமியார் படிக்குக் கீழே அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, குழந்தே! பயப்படாதேம்மா, நாங்க இருக்கோம்மா!"

"நான் பயப்படல அத்தை. மாமா, எதிர்வீட்டம்மா போன்ல பேசினது ஜன்னல் வழியா கேட்டுச்சு, நீங்க ஆஸ்பத்திரிக்குச் சொல்லிடுங்க. என்னைப் பத்தி யோசிக்காதீங்க. அந்த வார்டுல எத்தனை பேர் படுத்திருக்காங்களோ."

"ஆஸ்பத்திரிக்கு என்ன சொல்லணும்?" என்று மாமியார் மிரண்டுபோய்க் கணவனைப் பார்த்தாள்.

அப்போதுதான் மாஸ்டர் சொன்னார். மஞ்சள் கோட்டு, கூரை, எண்ணிக்கை எல்லாம் சொன்னார். மாத்துங்க என்று அவள் கேட்டதையும் சொன்னார். அதைச் சொல்லும்போது மனைவியின் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அவள் தன் போனை எடுத்துப் பார்த்தாள். காலையிலிருந்து யார் யாருக்கெல்லாம் போன் செய்து பீற்றிக்கொண்டோம் என்று நினைத்திருக்க வேண்டும், காது மடலெல்லாம் சிவந்துவிட்டது. பிறகு மெதுவாக, மாடிக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"இப்படிச் செய்யுங்களேன். ரெண்டு பேரும் மாத்தி மாத்தி அமுக்கினோம்னு சொல்லிடுங்க. டாக்டருக்குத் தெரியவேண்டியது தெரிஞ்சுடும். உங்க மானமும் போகாது. அதுல யாருக்கு என்ன நஷ்டம்?"

யாருக்கும் நஷ்டமில்லைதான். மாஸ்டருக்கு அந்த யோசனை ஒரு நொடி பிடித்திருந்தது என்பதை மறைப்பானேன்? ஆனால் மாத்தி மாத்தி என்ற வார்த்தை அவரைச் சுட்டது. உலகத்தில் வேறு எந்தப் பொய்யைச் சொன்னாலும் சொல்லலாம், அதைச் சொல்ல அவருக்கு வாய் வராது. அந்தப் பெண் கேட்டதும் அதைத்தானே, அவர் கொடுக்காததும் அதைத்தானே.

பால்கனிக்குப் போனார். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் பொய் தெரு முழுக்கப் போயிருக்கிறது. உண்மை ஒரு காதோடு நின்றுவிட்டால் எப்படி?

"அம்மா!" என்று எதிர்வீட்டைப் பார்த்துக் கூப்பிட்டார். வாட்ச்கடைக்காரர் மனைவி ஜன்னலுக்கு வந்தாள். மாஸ்டர் குரல் என்றதும் மற்ற ஜன்னல்களும் திறந்தன. எங்கிருந்தோ இரண்டு பேர் கைகூடத் தட்டினார்கள்.

"தட்டாதீங்க" என்றார் மாஸ்டர். "அம்மா, அவரைத் தனி அறையில போடச் சொல்லு. காலையில அவரைத் தொட்டது நான் இல்ல. என் மருமக. அவளுக்குத் தொற்று இருக்குன்னு இப்பத்தான் முடிவு வந்துச்சு."

கைதட்டல் நின்றது.

"தொற்றை வச்சுக்கிட்டுத் தெருவுல இறங்கினாளா? என்ன அநியாயம் இது!" என்றது மூன்றாவது மாடி.

மாஸ்டர் பதில் சொல்வதற்குள் வாட்ச்கடைக்காரர் மனைவி வெளியே தலையை நீட்டி மேலே பார்த்தாள்.

"அவளுக்கே அப்ப தெரியாதுங்க. தொற்று இல்லாதவங்க நீங்க மட்டும் என்ன கிழிச்சீங்க? காலையில ஜன்னல்லதானே நின்னீங்க? ஒரு படி இறங்கினீங்களா? எங்க வீட்டுக்காரர் உயிரோட இருக்கார். நோய் வந்தா வைத்தியம் பார்த்துக்கறோம். வாயை மூடுங்க."

மூன்றாவது மாடி ஜன்னல் சாத்திக்கொண்டது. அவள் மாஸ்டர் பக்கம் திரும்பினாள். இவ்வளவு நேரம் இருந்த வேகம் குரலில் இல்லை.

"அப்ப குரல்? உங்க குரல்தானே அண்ணே கேட்டுச்சு?"

"என் குரல்தான். இந்தக் கூரைக்கு அடியில நின்னு எண்ணினேன். அவ கை ஓஞ்சு போய், மாத்துங்க மாமான்னு ரெண்டு தடவை கேட்டா. நான் போகல. பயமா இருந்துச்சும்மா. வேற காரணம் ஒண்ணும் இல்ல. நாள் பூரா உன்கிட்டயும் சொல்லல. அது அதைவிடக் கேவலம்."

மேலே மாடி அறையில் மருமகள் இருமினாள். அடக்கப் பார்த்து, முடியாமல் மறுபடி இருமினாள்.

"இருங்க, மொதல்ல ஆஸ்பத்திரிக்குச் சொல்லிட்டு வர்றேன்" என்று வாட்ச்கடைக்காரர் மனைவி உள்ளே போனாள்.

மாஸ்டர் நின்றுகொண்டே இருந்தார். "உள்ள வாங்க" என்று மனைவி கூப்பிட்டாள். வரவில்லை. திட்டு வாங்கத் தயாராக நின்றார். திட்டினால் தேவலாம் என்று இருந்தது. காறித் துப்பினாலும் சரிதான்.

அவள் திரும்பி வந்தாள். திட்டவில்லை.

"சொல்லிட்டேன். தனி அறைக்கு மாத்தறாங்களாம்." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றாள். "அண்ணே, கொஞ்சம் முன்னாடி நர்ஸம்மா அவரை என்கூடப் பேச வச்சாங்க. நாலு வார்த்தைதான். விலா எலும்பு வலி உயிர் போகுதாம். அதைக்கூடப் பெருசாச் சொல்லல. வாயைத் திறந்ததும் என்ன கேட்டார் தெரியுமா?"

மாஸ்டர் தலையை நிமிர்த்தினார்.

"மாஸ்டர் குரல் எங்கேயோ தூரத்துல கேட்டுச்சு, அவர்தான் என்னைத் தொட்டுத் தூக்கி விட்டிருப்பார்னார். நேத்தே எனக்கு இருமல் இருந்துச்சே, என்கிட்ட இருந்து அவருக்கு ஏதாவது ஒட்டியிருந்தா என்ன பண்றது, வீட்டுல அண்ணிக்கு வேற மூச்சிரைப்பு ஆச்சேன்னு சொல்லி அழுதார் அண்ணே. பச்சைக் குழந்தை மாதிரி அழுதார்."

மாஸ்டர் பால்கனிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்குக் காலையில மறுபடி பேச விடுவாங்களாம். உங்க நம்பரைக் குடுத்திருக்கேன். மொதல்ல உங்ககிட்டத்தான் பேசணும்னு கேட்டார்." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் அவர்கிட்ட எதையும் சொல்லப் போறதில்ல. நீங்களே சொல்லிக்குங்க."

ஜன்னலைச் சாத்தினாள்.